நல்ல மனிதர்களை நம்பி மருந்தகம் நடத்தக் கூடாது

ஜெர்மனியின் பொட்ராப் நகரத்தில் புற்றுநோய் மருந்தின் அளவைக் குறைத்துக் கலந்து விற்ற மருந்தகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஒரு கெட்ட மனிதன். அளவு கடந்த பேராசை. பிடித்தார்கள், உள்ளே தள்ளினார்கள், முடிந்தது. அந்நாட்டு மருந்தாளுநர் தொழில் வட்டாரத்தில் பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கமும் இதை ஒட்டியதுதான். இது ஒரு தனிமனிதனின் குற்றப் புத்தி, தொழிலில் மற்றவர்கள் நேர்மையானவர்கள், துணிந்து இறங்கிவிட்டவனை எந்தக் கட்டுப்பாடும் தடுக்காது என்றார்கள். நம் ஊரிலும் இதே பேச்சு வேறு சொற்களில் உண்டு: "ஆயிரம் சட்டம் போடுங்க, மனசாட்சின்னு ஒண்ணு இருந்தாத்தான் உண்டு."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்பி உட்கார்ந்தால் நோயாளி செத்துப்போவார். மருந்து கொடுக்கும் தொழிலை ஒருவருடைய மனசாட்சியின் மேல் கட்டினால், கெட்ட மனசாட்சியும் அதைக் கெடுக்கும், உறுதியான மனசாட்சியும் கெடுக்கும். இரண்டுக்கும் ஜெர்மனியிலேயே சாட்சி இருக்கிறது.

ரூர் பகுதியில் நிலக்கரியால் வளர்ந்த ஊர் பொட்ராப். ஈழத்தமிழர் குடும்பங்கள் பல குடியேறி வாழும் வட்டாரம் அது. அங்கே ஒரே குடும்பத்தின் கையில் இருந்த 'ஆல்ட்டே அப்போதேக்கே' என்ற மருந்தகம், கீமோதெரபி மருந்து தயாரித்துக் கொடுப்பதில் பேர் வாங்கியிருந்தது. ஆறு மாநிலங்களில் இருந்த மருத்துவர்களுக்கு அங்கிருந்து மருந்து போனது. உரிமையாளர் படித்துப் பட்டம் பெற்ற மருந்தாளுநர், ஊருக்கு நன்கொடை கொடுப்பவர், செல்வாக்குள்ளவர்.

கீமோதெரபி மருந்து அட்டைப்பெட்டியில் வந்து அப்படியே கை மாறுகிற சரக்கு அல்ல. நோயாளியின் உயரம், எடை பார்த்து மருத்துவர் அளவு எழுதுவார். மருந்தாளுநர் கிருமி நீக்கிய அறையில் அந்த அளவை எடுத்து, சொட்டாக ஏற்றும் பையில் கலந்து அனுப்புவார். பையில் இருப்பது பெரும்பாலும் நிறமற்ற திரவம். முழு அளவு போட்டதும் கால் அளவு போட்டதும் பார்வைக்கு ஒன்றுதான். ஏற்றிக்கொள்பவருக்கு ஏற்கெனவே உயிரைப் பறிக்கக்கூடிய நோய். அவர் இறந்துபோனால் நோய் வென்றுவிட்டது என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். மருந்து தோற்றதா, மருந்தே இல்லையா என்று கேட்க யாருக்கும் தோன்றாது. களவு செய்தால் தடயமே விழாத இடம் அது.

அந்த இடத்தில் தடயத்தைக் கண்டவர்கள் இரண்டு பேர். அந்த மருந்தகத்தின் வணிக மேலாளர் மார்ட்டின் போர்வோல், வாங்கிய கணக்கையும் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்பிய பில் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஓப்டிவோ என்ற விலை உயர்ந்த மருந்தில் 52 கிராமுக்குப் பணம் வாங்கப்பட்டிருந்தது; கொள்முதல் செய்ததோ 16 கிராம். 2016 செப்டம்பரில் அவர் புகார் கொடுத்தார். அங்கே உதவியாளராக இருந்த மரியா எலிசபெத் கிளைன், நோயாளிக்கு ஏற்றாமல் திரும்பி வந்த ஒரு பையை எடுத்துப் போய்க் காவல் துறையிடம் கொடுத்தார். இருக்க வேண்டிய மருந்து அதில் இல்லை. 2016 நவம்பர் 29 அன்று உரிமையாளர் கைதானார். புகார் சொன்ன இருவருக்கும் வேலை போனது. மறு ஆண்டு அவர்களுக்கு ஜெர்மானிய விசில்ப்ளோயர் விருது கிடைத்தது.

எஸ்ஸன் நகர நீதிமன்றம் 2018 ஜூலை 6 அன்று உரிமையாளருக்கு 12 ஆண்டு சிறையும், வாழ்நாள் முழுக்க அந்தத் தொழில் செய்யத் தடையும் விதித்தது. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துப் பைகளில் அளவு குறைக்கப்பட்டது உறுதியானது. 1 கோடியே 70 லட்சம் யூரோவைப் பறிமுதல் செய்யவும் உத்தரவானது. 2020இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. விசாரணை முழுவதும் உரிமையாளர் வாய் திறக்கவே இல்லை.

இப்போது 'ஒரு கெட்ட மனிதன்' என்ற விளக்கத்துக்கு வருவோம். அவர் கெட்டவர் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த விளக்கம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் பிரச்சினை.

வழக்கில் விசாரித்த காலம் 2012 முதல் 2016 வரை. அந்த ஆண்டுகள் முழுக்க மருந்தகத்தில் ஊழியர்கள் இருந்தார்கள். உரிமையாளர் தெருவில் போட்ட உடையோடு, தன் நாயையும் கூட்டிக்கொண்டு கிருமி நீக்கிய அறைக்குள் போனதாக நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. முன்னதாகவே ஒரு புகார் அரசு வழக்குரைஞர் அலுவலகம் வரை போய், மேலே நகராமல் முடிந்திருந்தது. அரசு மருந்து ஆய்வாளர்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் பெரும்பாலும் நாள் சொல்லிவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் அறையைப் பார்த்தார்கள், ஏடுகளைப் பார்த்தார்கள். பைக்குள் இருந்ததைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. ஒருவன் ரகசியமாகச் செய்த குற்றம் என்று சொல்ல முடியாத அளவுக்கு அதைச் சுற்றி ஆட்கள் நின்றிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? இல்லை. அப்படியானால் நல்லவர்கள் நிறைந்த ஓர் அமைப்பில் இது ஏன் இத்தனை ஆண்டு ஓடியது? 'கெட்ட மனிதன்' விளக்கத்திடம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

"துணிந்தவனை எந்தக் கட்டுப்பாடும் தடுக்காது" என்ற வாதம் இன்னும் பலவீனமானது. போர்வோல் செய்தது கழித்தல் கணக்கு. ரேஷன் கடையில் இறங்கிய மூட்டைக்கும் எடை போட்டுக் கொடுத்ததற்கும் இருப்பு சரிபார்ப்பதைப் போன்ற வேலை அது. ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. விற்ற அளவு காப்பீட்டு நிறுவனங்களிடம் இருந்தது, வாங்கிய அளவு மருந்து விநியோகித்தவர்களிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை. எந்தக் கட்டுப்பாட்டாலும் முடியாது என்று சொல்லப்பட்டதை, கணக்குப் பார்க்கத் தெரிந்த ஓர் ஊழியர் முடித்துக் காட்டினார். ஒரு கட்டுப்பாட்டை வைத்துப் பார்க்காமலே அது பயன்படாது என்று சொல்வது வாதமே அல்ல.

இந்த நம்பிக்கைக்குச் சட்டத்திலும் ஒரு வேர் உண்டு. ஜெர்மனியில் மருந்தகம் நடத்த மருந்தாளுநர் பட்டம் இருக்க வேண்டும். வெறும் முதலீட்டாளர் நடத்த முடியாது. ஒருவர் ஒரு தலைமை மருந்தகமும் மூன்று கிளைகளும்தான் வைத்துக்கொள்ளலாம். டாக்மாரிஸ் என்ற நிறுவனம் சார்லாந்து மாநிலத்தில் கடை திறந்தபோது இது வழக்கானது. 2009 மே 19 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஜெர்மனியின் விதி செல்லும் என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. மருந்தாளுநருக்கும் லாப நோக்கம் உண்டு; ஆனால் அவருடைய படிப்பும் அனுபவமும் பொறுப்பும் அந்த நோக்கத்தை மட்டுப்படுத்தும்; தவறு செய்தால் போட்ட முதல் மட்டுமல்ல, தொழில் வாழ்க்கையே போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

பொட்ராப் உரிமையாளர் இந்த வர்ணனைக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறவர். பட்டம் இருந்தது, அனுபவம் இருந்தது, குடும்பப் பெயர் இருந்தது, இழப்பதற்கு எல்லாமே இருந்தது. எதுவும் அவரைத் தடுக்கவில்லை. இதை வைத்து, மருந்தகங்களைப் பெரிய நிறுவனங்களின் சங்கிலிக் கடைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே பேராசைக்கு ஒரு முகத்துக்குப் பதில் ஒரு நிர்வாகக் குழு இருக்கும், அவ்வளவுதான். நான் சொல்வது இது: உரிமையாளரே மருந்தாளுநர் என்பது நல்ல விதியாக இருக்கலாம்; ஆனால் அதுவே பாதுகாப்பு ஆகாது. அந்த விதி அவரை முதலாளியாகவும் தொழில் பொறுப்பாளராகவும் ஒரே நேரத்தில் ஆக்குகிறது. உதவியாளர் மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும் என்கிறது சட்டம். மேற்பார்ப்பவரே தவறு செய்தால் உதவியாளர் யாரிடம் போவார்?

மறுபக்கத்தைப் பார்ப்போம். மனசாட்சி மிக உறுதியாக இருந்த ஒரு மருந்தாளுநரின் வழக்கு இது. ஜெர்மனியில் அவசரக் கருத்தடை மாத்திரை 2015 மார்ச் முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்தகத்தில் கிடைக்கிறது. பெர்லினில் ஒரு மருந்தாளுநர், தன் மனசாட்சி ஒப்பவில்லை என்று அதை விற்க மறுத்தார். பெர்லின் மருந்தாளுநர் மன்றம் அவர்மேல் தொழில்முறை வழக்குத் தொடுத்தது. 2019இல் முதல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2024 ஜூன் 26 அன்று மேல் நீதிமன்றமும் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. ஆனால் சட்டம் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருந்தகத்தைச் சொந்தமாக நடத்துகிறவருக்கு மக்களுக்கு மருந்து கிடைக்கச் செய்யும் கடமை உண்டு. மனசாட்சியைக் காரணம் காட்டி அதை மறுக்க முடியாது. ஒப்பவில்லையென்றால் சொந்த மருந்தகம் நடத்துவதை விட வேண்டும்.

அந்த மருந்தாளுநரைப் பலர் நேர்மையானவர் என்று பாராட்டினார்கள். இருக்கலாம். ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த மாத்திரையில் ஒரு வகை 72 மணி நேரத்துக்குள், இன்னொன்று 120 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஞாயிற்றுக்கிழமை இரவில் முறைப் பணியில் திறந்திருக்கும் ஒரே மருந்தகம் அவருடையதாக இருந்தால்? அடுத்தவருடைய மனசாட்சி அந்தப் பெண்ணின் உடம்பின்மேல் தீர்ப்பு எழுதிவிடும்.

மருந்தாளுநர் எதையும் மறுக்கக் கூடாது என்பதல்ல இதன் பொருள். ஜெர்மனியின் மருந்தக நடைமுறை விதி 17ஆம் பிரிவில் இரண்டு இடங்களில் அவரை நிறுத்துகிறது. சீட்டில் தெளிவின்மையோ பிழையோ இருந்தால் அது தீரும்வரை மருந்து கொடுக்கக் கூடாது. தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் மறுக்க வேண்டும். இந்த மறுப்புகள் அவர் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல, கடமை. காரணம் நோயாளியின் நலன். அதை எழுதிக் காட்டலாம், இன்னொருவர் சரிபார்க்கலாம். மனசாட்சி மறுப்பில் காரணம் மருந்தாளுநரின் உள்ளத்தில் இருக்கிறது; அதை யாரும் சரிபார்க்க முடியாது. அறம் என்ற சொல்லை நாம் இரண்டுக்கும் சேர்த்து வீசுகிறோம்.

கெட்டவனும் இல்லாத, வைராக்கியக்காரனும் இல்லாத மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. 2019 செப்டம்பரில் கொலோன் நகரில், கர்ப்ப காலச் சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்காக மருந்தகம் தந்த குளுக்கோஸைக் குடித்த 28 வயதுப் பெண்ணும், அவசரமாக அறுவை செய்து எடுத்த குழந்தையும் இறந்தார்கள். குளுக்கோஸோடு மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் மருந்து கலந்திருந்தது. மருந்தகம் நடக்கிற வேகத்தில் இப்படிப்பட்ட கலப்பு எங்கும் நேரலாம். ஒரே அலமாரியில் வெள்ளைப் பொடிகள், ஒரே மாதிரி டப்பாக்கள் இருக்கும் அறையில், நல்ல எண்ணம் கையைத் தடுக்காது. லேபிளும், இரண்டாவது ஆளின் பார்வையும், பிரித்து வைத்த அலமாரியும்தான் தடுக்கும்.

எதிர்வாதங்களில் நியாயமானவையும் உண்டு. ஜெர்மனியில் மருந்தகங்கள் மூடிக்கொண்டே வருகின்றன. 2024 முடிவில் எண்ணிக்கை 17,041க்கு இறங்கிவிட்டது. இருப்பவர்கள் ஏற்கெனவே காகித வேலையில் மூழ்கியிருக்கிறார்கள், இன்னும் கட்டுப்பாடு போட்டால் கிராமத்தில் மருந்தே கிடைக்காது என்கிறார்கள். கவலை உண்மையானது. ஆனால் பொட்ராப் காட்டியது கட்டுப்பாடு போதாது என்பதையல்ல, தவறான இடத்தில் இருந்தது என்பதை. ஏடுகள் அங்கேயும் இருந்தன; அவற்றை உண்மையோடு ஒப்பிட யாரும் இல்லை. நூறு படிவங்களைக் குறைத்துவிட்டு ஓர் ஒப்பீட்டைக் கட்டாயமாக்கினால் மருந்தாளுநரின் சுமை குறையும், நோயாளியின் பாதுகாப்பு கூடும்.

"ஊழியர்கள் முதலாளியைக் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தால் வேலையிடத்தில் நம்பிக்கையே இருக்காது" என்ற இன்னொரு வாதத்துக்கு நான் மரியாதை தரத் தயாராக இல்லை. நம்பிக்கை யாருக்கு வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். மருந்தை ஏற்றிக்கொள்பவருக்குத்தான் அது முதலில் வேண்டும். முதலாளிக்கும் ஊழியருக்கும் நடுவே உள்ள விசுவாசத்தைக் காக்க நோயாளியின் நம்பிக்கையைச் செலவழிப்பது கணக்குத் தவறு. பெர்லினில் முதியோர் பராமரிப்பு செவிலியர் பிரிகிட்டே ஹைனிஷ், ஆள் பற்றாக்குறையைப் புகாராகக் கொடுத்ததற்கு வேலை இழந்தார். 2011 ஜூலை 21 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருடைய கருத்துரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. பொட்ராப் நடந்தது அதற்குப் பிறகு. அந்தத் தீர்ப்பிலிருந்து யாரும் பாடம் படிக்கவில்லை என்பதற்குப் போர்வோலும் கிளைனும் இழந்த வேலையே அத்தாட்சி.

பிறகு சட்டங்கள் வந்தன. 2019இல் வந்த மருந்துப் பாதுகாப்புச் சட்டம், கீமோதெரபி மருந்து தயாரிக்கும் மருந்தகங்களில் சொல்லாமல் வந்து சோதிப்பதை அதிகப்படுத்தியது. 2023 ஜூலை 2 அன்று தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புகார் சொன்னபின் வேலை போனால், அது பழிவாங்கல் அல்ல என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். நேராக அரசிடமும் போகலாம். நல்லதுதான். ஆனால் உள்ளேயே புகார் வாங்கும் ஏற்பாட்டை 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது கட்டாயமாக்குகிறது. மருந்தகங்களில் பெரும்பாலானவை அந்த எண்ணிக்கையைத் தொடுவதில்லை. நான்கைந்து பேர் வேலை செய்யும் இடத்தில், புகார் சொன்னவர் யாரென்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். சிறிய இடங்களுக்காக மருந்தாளுநர் மன்றமே பொதுவான ஒரு புகார்ச் சாளரத்தை வைக்க வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை அல்ல.

பொட்ராப் தீர்ப்பில் எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. தண்டனை, மருந்துச் சட்டத்தை மீறியதற்கும் காப்பீட்டு நிறுவனங்களை ஏமாற்றியதற்கும்தான். எந்தப் பை யாருக்குப் போனது, அதனால் யாருக்கு என்ன ஆனது என்பதைத் தனித்தனியாக நிரூபிக்க முடியாததால், நோயாளிகளின் உடம்புக்கு நேர்ந்த கேடு தண்டனைக்குள் வரவில்லை. பணம் போன நிறுவனத்துக்குக் கணக்கு இருந்தது. உடம்பு போனவருக்குக் கணக்கு இல்லை. நடந்து முடிந்தபின் நீதி கிடைக்காத குற்றம் இது. எனவே கடுமையான தண்டனை போதும் என்ற ஆறுதலும் இங்கே செல்லாது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஜெர்மனியைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நம் நிலைமைதான் இந்த வாதத்தை இன்னும் அவசரமாக்குகிறது. 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. சர்டிபிகேட் சுவரில் தொங்க, ஆள் வேறெங்கோ இருக்கும் கடைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீசன் நிறுவனத்தின் கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருப்பதைத் தமிழ்நாடு அரசின் ஆய்வுக்கூடம் கண்டது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் அதைக் குடித்த குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். உடனே ஒரு மருத்துவரும் நிறுவன உரிமையாளரும் கைதானார்கள். பேச்சும் அவர்களைச் சுற்றியே ஓடியது. ஒவ்வொரு தொகுதி மருந்தையும் வெளியே விடுமுன் அந்த நச்சுக்குச் சோதித்தார்களா, ஆய்வாளர் கடைசியாக எப்போது வந்தார், உள்ளே வேலை செய்தவர்கள் சொல்ல நினைத்திருந்தால் யாரிடம் சொல்லியிருப்பார்கள் என்ற கேள்விகள் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டன.

'கெட்ட மனிதன்' விளக்கம் இதற்குத்தான் உதவுகிறது. அவனைச் சுட்டிய பிறகு மற்ற எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

நான் கேட்பது மருந்தாளுநர்களைச் சந்தேகப்படும் சமூகத்தை அல்ல. நல்ல மருந்தாளுநருக்குத்தான் இந்த ஏற்பாடுகள் முதலில் உதவும். வாங்கியதும் கொடுத்ததும் ஒப்பிடப்பட்டால், அவருடைய நேர்மை வெறும் வாக்குறுதியாக இல்லாமல் ஆதாரமாகும். திரும்பி வரும் பைகளில் சிலவற்றைச் சோதித்தால், அவர் கலந்த மருந்துக்குச் சாட்சி கிடைக்கும். எப்போது மறுக்க வேண்டும், எப்போது மறுக்கக் கூடாது என்பது எழுத்தில் இருந்தால், நள்ளிரவில் கவுண்டரில் தனியாக நின்று அவர் தன் உள்ளத்தோடு போராட வேண்டியதில்லை. மருந்தியல் வகுப்பில் அறம் என்று ஒரு பாடம் வைத்து, நேர்மையாக இருங்கள் என்று சொல்லி அனுப்புவது மலிவான வழி. அப்படி அனுப்பப்பட்டவர் முதல் வேலையில் முதலாளியின் தவறைப் பார்த்தால், அடுத்த மாதச் சம்பளத்துக்கும் தெரியாத ஒரு நோயாளிக்கும் நடுவே அவரைத் தனியாக நிறுத்துகிறோம். பெரும்பாலான மனிதர்கள் அந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடுவார்கள். அதற்காக அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னவர் வேலையை இழந்தே தீர வேண்டும் என்றிருக்கும் தொழிலில், அடுத்த பொட்ராப்பைத் தடுக்க ஆள் கிடைப்பார் என்று எந்த நோயாளியிடமும் உறுதி சொல்ல முடியாது.